இரண்டு விரற்கடை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், மரத்தடி இருக்க வேண்டும் என்று நாமாகத்தான் ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் கோகிலவாணி. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் ஏரின் பிடியான மேழி. கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள மல்பெரித் தோட்டங்களில் மாடு கட்டி ஏர் ஓட்டுவது அவள் தொழில்.

மல்பெரி வரிசைகளுக்கு நடுவே டிராக்டர் நுழையாது. நுழைந்தால் செடி மிஞ்சாது. பட்டுப்புழுவுக்கு இலை அறுத்த ஒவ்வொரு தடவையும் இடை உழவு போட்டாக வேண்டும். அதனால் கோகிலாவிடம் பதினைந்து நாள் முன்பே சொல்லிவைத்தால்தான் ஏர் கிடைக்கும். பொம்பளை மேழி பிடித்தால் மழை பெய்யாது என்று முதல் வருஷம் ஊரில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பி மறுகால் போனது. பிறகு அந்த நாலு பேரும் அவளிடமே நாள் கேட்டு வந்தார்கள்.

சீடன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். பெயர் சம்பத். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவன். பெரிய கம்பெனி எதிலும் இல்லை. அவனும் அவன் சிநேகிதன் ஷாநவாஸும் சேர்ந்தால் அதுதான் கம்பெனி. சம்பத் கோபியில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவான். ஷாநவாஸ் ஆம்பூரில் தன் வீட்டிலிருந்து படம் வரைவான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தொடங்கிய சிநேகம். இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை என்ன பண்ணுகிறார் என்று யாராவது கேட்டால் சம்பத்தின் மாமனார், "விளையாடிட்டு இருக்காருங்க" என்பார். அதில் பொய்யும் இல்லை, மரியாதையும் இல்லை.

இப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது ஓர் உழவு விளையாட்டு. ஆடுகிறவர் ஒரு ஜோடி மாட்டை ஓட்டி நிலத்தை உழ வேண்டும். பாதி முடிந்த நிலையில் ஒரு விவசாயியிடம் ஆடிப்பார்க்கக் கொடுத்தார்கள். அவர் ஐந்து நிமிஷம் ஆடிவிட்டு, "மாடு பைக் மாதிரிப் போகுதுங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. திரையில் ஏர் நேராகப் போகவில்லை. நாலு அடி போனதும் ஒரு பக்கமாகத் திரும்பி, செக்கு மாடு போல வட்டமடித்தது. சம்பத் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். தன் புரோகிராமில் பிழை தெரியவில்லை. ஆகவே பிழை ஷாநவாஸின் படத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினான்.

"உன் மாட்டுக்குக் கால் சரியில்லடா" என்றான் போனில்.

"நீ ஒரு நிஜ மாட்டைப் போய்ப் பாரேன்" என்றான் ஷாநவாஸ்.

அப்படித்தான் சம்பத் கோகிலாவிடம் வந்து சேர்ந்தான்.

முதல் மூன்று நாள் அவள் அவனை ஏர் பக்கமே விடவில்லை. புல் அறுத்துப் போடு, தண்ணி காட்டு, சாணி அள்ளு. இதற்காகவா வந்தேன் என்று அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் மாடுகள் அவன் வாசனைக்குப் பழக வேண்டும் என்றாள். அதை எதிர்த்துப் பேச வழியில்லை. அவளை அவன் "அம்மிணி" என்பான். அவள் அவனை "அண்ணா" என்பாள். ஒரு தடவை விளையாட்டாக "வாத்தியாரே" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அன்றைக்குச் சாணி இரண்டு கூடை அதிகமாக அள்ள வேண்டி வந்தது.

மாடுகள் இரண்டு. வலது பக்கம் பூட்டுவது மயிலை. சாம்பல் நிறம், வளைந்த கொம்பு, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் உடம்பு. இடது பக்கம் செவலை. செம்மண் நிறம், அரை சாண் குட்டை, கொஞ்சம் தொப்பை. ஏர் பூட்டி நடக்கும்போது மயிலை தலையை நிமிர்த்தி அரை அடி முன்னால் போகும். செவலை தலையைக் குனிந்து, மண்ணை முகர்ந்துகொண்டே வருவது போல வரும்.

நாலாம் நாள் மேழியைக் கையில் கொடுத்தாள். ஐந்தாம் நாள் உள்ளங்கை கொப்பளித்தது. ஆறாம் நாள், உழுதுகொண்டிருந்த சாலின் பாதியில் செவலை நின்றுவிட்டது. சம்பத் குச்சியை ஓங்கினான்.

"ஒண்ணுக்குப் போகுதுங்கண்ணா. நில்லுங்."

நின்றான். அது சாவகாசமாக முடித்தது. மயிலையும் காத்து நின்றது.

"உங்க விளையாட்டுல மாடு நிக்குங்களா?" என்று கேட்டாள்.

"நின்னா ஆடறவங்க எழுந்து போயிருவாங்க அம்மிணி."

"போனாப் போறாங்க. மாடு நிக்கோணும்."

அன்று வீட்டுக்குப் போய் அதைத்தான் முதலில் எழுதினான். திரையில் மாடு நின்றதைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்தது. உடனே ஷாநவாஸுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் காட்டவில்லை. அவன்மேல்தான் கோபத்தில் இருக்கிறோமே என்று ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் கோபத்தை எட்டாம் நாள் கோகிலாவிடம் கொட்டினான். உழவு முடிந்து மாடுகள் வேப்ப மர நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. இருவரும் வரப்பில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம்தான் மனுஷனுக்கு எல்லாம் சொல்லத் தோன்றும்.

பெங்களூரில் ஒரு கண்காட்சி. சிறு கம்பெனிகள் தங்கள் விளையாட்டை அங்கே வைக்கலாம். மாதக் கடைசிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். இந்த வாய்ப்பும் தவறினால் இன்னொரு வருஷம் இப்படியே தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் எட்டு மாதமாக ஷாநவாஸ் வேலையே செய்வதில்லை. வாரத்துக்கு ஒரு படம் வந்தால் அதிசயம். அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் அவன்தான். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாள் ஒருத்தனே இழுப்பது?

"ஒரு ஏர்ல ரெண்டு மாடு. ஒண்ணுதான் இழுக்குது. நம்ம மயிலையப் பாருங்க அம்மிணி, அது மாதிரி நான் முன்னால போய்க்கிட்டே இருக்கேன். அவன் செவலை மாதிரி தலையத் தொங்கப் போட்டுட்டுப் பின்னால வர்றான்."

கோகிலா மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செவலையைப் பார்த்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மூன்று நாளாக எழுதித் திருத்தி வைத்திருந்த கடிதத்தை வாசித்துக் காட்டினான். நல்ல மரியாதையான கடிதம். வேலையில் இருவரும் பாதிப் பாதி என்றுதான் ஆரம்பித்தோம், அந்தப் பாதி இப்போது இல்லை, நீ அப்பாவைப் பார்த்துக்கொள், மீதிப் படங்களுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துகொள்கிறேன், இனி அவரவர் வழி. கடைசியில் "என்றும் அன்புடன்" என்று போட்டிருந்தான். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசித்தான். இருபது வருஷச் சிநேகம். நாளைக்கு உழவு முடிந்ததும் அனுப்பப் போவதாகச் சொன்னான்.

"நல்லா எழுதியிருக்கீங்" என்றாள் அவள். "நாளைக்கு வெடியால நீங்களே ஏரக் கட்டிப் பூட்டுங். நான் பாத்துட்டு இருக்கறேன்."

இத்தனை நாள் ஏரைக் கட்டுவது அவள்தான். அந்த வேலையை யாரிடமும் விட மாட்டாள். சம்பத்துக்குப் பட்டம் வாங்கியது போலிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளுக்கு முன்னால் வந்து நின்றான். நுகத்தடியை எடுத்துத் தரையில் வைத்துத் துடைத்தான். நுகத்தடி என்பது இரண்டு மாட்டின் கழுத்திலும் குறுக்காகப் படுக்கிற மரம். ஏரின் நீளக் காலை அந்த மரத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். கயிறு உராய்ந்து உராய்ந்து மரத்தில் ஒரு தடம் விழுந்திருந்தது.

அந்தத் தடத்தில் சம்பத்தின் கண் ஒரு கணம் நின்றது. அது நடுவில் இல்லை. செவலை பக்கமாகத் தள்ளியிருந்தது.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பிழை தெரியும். பிழை தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்யாமல் சோறு இறங்காது. சம்பத் ஒரு சரட்டை எடுத்து நுகத்தடியை முனைக்கு முனை அளந்தான். சரட்டை இரண்டாக மடித்து நடுவைக் கண்டுபிடித்தான். கரித்துண்டால் கோடு போட்டான். பழைய தடம் அந்தக் கோட்டிலிருந்து சரியாக இரண்டு விரற்கடை, அதாவது இரண்டு விரல் அகலம், தள்ளி இருந்தது. பாவம், அம்மிணி அளந்து பார்த்ததே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சொல்லிக்காட்டினால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று, சொல்லாமலே கயிற்றை நட்ட நடுவில் வைத்து இறுக்கிக் கட்டினான். இப்படியாக ஒன்பதாம் நாளே அவன் குருவை மிஞ்சிய சீடன் ஆனான்.

கோகிலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "ஓட்டுங்" என்றாள்.

முதல் சால் நன்றாகத்தான் போனது. மயிலை வழக்கம்போல முன்னால் நடந்தது. சம்பத் திரும்பிக் குருவைப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டாவது சாலில் மயிலை முன்னால் இல்லை. செவலைக்குச் சரியாக வந்தது.

மூன்றாவது சாலில் பின்தங்கியது. நுகத்தடி கோணிக்கொண்டது. ஏர் ஒரு பக்கமாக இழுத்து, அதன் இரும்பு முனையான கொழு மல்பெரி வேரில் போய் மாட்டியது. சம்பத் மேழியை அழுத்தி நேராக்கினான். நாலு அடியில் மறுபடி கோணியது. இரண்டு செடிகள் சாய்ந்தன. ஏர் வட்டமடிக்கப் பார்த்தது. மூன்று வாரமாகத் திரையில் பார்த்த அதே வட்டம்.

ஐந்தாவது சாலில் மயிலையின் தலை தொங்கிவிட்டது. வாயோரம் நுரை கட்டியது. விலா இரண்டும் துருத்தி போல ஏறி இறங்கின. அது நின்றது. அது நின்றதும் செவலையும் நின்று, கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தது.

சம்பத் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். அவனுக்குப் பயமாகிவிட்டது.

"அம்மிணி, மயிலைக்கு ஒடம்பு சரியில்ல போலிருக்கு."

"ஒடம்பு சரியில்லாம மூணு வருசமாச்சுங்" என்றாள் கோகிலா.

வந்து மயிலையின் நெற்றியைத் தேய்த்துவிட்டாள். குடத்துத் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினாள். மாட்டின் மூச்சு மெல்லத் தணியும்வரை இருவரும் நின்றார்கள். நிற்கும்போது சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர் மாடுகளுக்கெல்லாம் கோமாரி நோய் வந்தது. மயிலை பிழைத்ததே பெரிது. ஆனால் கோமாரி கண்ட மாட்டுக்கு வெயிலும் பாரமும் சேர்ந்தால் மூச்சு வாங்கும், கடைசிவரை தீராது. விற்றுவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு குனிந்து சம்பத்தின் கட்டை அவிழ்த்தாள். கயிற்றை அந்தப் பழைய தடத்துக்கே நகர்த்தி இறுக்கினாள். அவன் போட்ட கரிக்கோட்டைக் கட்டைவிரலால் அழித்தாள்.

"கயிறு எந்த மாட்டுக்குக் கிட்ட இருக்குதோ, பாரம் அந்த மாட்டு மேல கூட விழும். இந்த ரெண்டு வெரக்கடையச் செவலதாங் இழுக்குது."

திரையிலும் இரண்டு மாட்டுக்கும் வேறு வேறு பலம் கொடுத்துவிட்டுக் கயிற்றை நட்ட நடுவில்தான் கட்டியிருக்கிறோம் என்று சம்பத்துக்கு உறைத்தது. அவன் செவலையைப் பார்த்தான். அது தலையைக் குனிந்தபடி நின்றது. மண்ணை முகர்வதற்காக அல்ல, இழுக்கிற மாடு அப்படித்தான் தலையைக் குனியும் என்பது இப்போதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

"நான் மயிலைதான் பலசாலின்னு நெனச்சேன். முன்னால போகுதே."

"பாரம் கொறஞ்ச மாடு முன்னாலதானுங்க போகும்."

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"கூட இழுக்கறது செவலைக்குத் தெரியுமுங். மயிலைக்குத்தான் ஒண்ணுந் தெரியாது. பாதிய அதுதான் இழுக்கறதா நெனச்சுட்டுத் தல நிமுந்து நடக்குது, பாருங்."

ஏரை அவளே பிடித்தாள். ஹை என்றாள். மாடுகள் நகர்ந்தன. பத்தடி போவதற்குள் மயிலையின் தலை நிமிர்ந்தது. இருபதாவது அடியில் அது அரை அடி முன்னால் போயிருந்தது.

சம்பத் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெயில்காலம் நினைவுக்கு வந்தது. அவன் அம்மா செத்துப்போன வருஷம். மாசியில் அம்மா போனாள். ஆனி முடியும்வரை ஐந்து மாதம் அவன் தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான், சாயங்காலம் எழுந்தான். அம்மா செத்தும்கூட ஒரு நாள் வேலையை விடவில்லை என்று அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். யோசித்துப் பார்த்தால் அந்த ஐந்து மாதத்தில் என்ன எழுதினான் என்று ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. சாயங்காலம் அரைகுறையாக விட்டுவிட்டுப் போவான். காலையில் வந்து பார்த்தால் அது ஓடும். "நேத்து நீ போட்டதுதான்டா, நல்லா ஓடுது" என்று ஷாநவாஸ் போனில் சொல்வான். சம்பத்தும் நம்பினான். தலை நிமிர்ந்து அடுத்த வேலையைப் பார்க்கப் போனான்.

போனை எடுத்தான். கடிதம் அங்கேயே இருந்தது, ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். அதை அனுப்பாமல் ஷாநவாஸைக் கூப்பிட்டான்.

ஷாநவாஸ் எடுத்ததும் ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் இருடா என்றான். "இன்னும் ஒரு வாய், அத்தா" என்று அந்தப் பக்கம் கெஞ்சும் குரல் கேட்டது. சம்பத் காத்திருந்தான். அவன் இதற்குமுன் இந்தச் சத்தங்களைக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"சொல்லுடா. படம்தானே? நாளைக்குக் கண்டிப்பா அனுப்பறேன்."

"படத்தைப் பத்தி இல்ல. அம்மா தவறின வருஷம், அந்த அஞ்சு மாசம் புரோகிராம் யாரு எழுதினது?"

அந்தப் பக்கம் ஸ்பூன் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"நீதான்டா எழுதினே. அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"சொல்லு."

"நீதான் எழுதினே. அங்கங்க சரியா வரல. நான் லேசாத் தட்டிவிட்டேன், அவ்வளவுதான்."

"உனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாதே."

"அப்பதான் கத்துக்கிட்டேன்" என்றான் ஷாநவாஸ்.

மல்பெரி வரிசைக்கு நடுவே ஏர் திரும்பி வந்துகொண்டிருந்தது. சம்பத்துக்கு அது கலங்கலாகத் தெரிந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நன்றி சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம். இரண்டையும் வாய்க்குள் வைத்துப் பார்த்தான். இரண்டுமே சரியாக உட்காரவில்லை. உன் பாரத்தை இனி நான் இழுக்கிறேன் என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஷாநவாஸ் என்றைக்காவது அப்படிச் சொன்னானா?

"டேய், எனக்கு மாட்டுக் கால் வரையச் சொல்லிக் கொடு" என்றான்.

"நீயா? உனக்கு வட்டமே கோணலா வருமேடா."

"அதான் கத்துக்கலாம்னு."

"எதுக்கு?"

"சும்மாதான். இங்க தினமும் பாக்கறேன்ல, ஆசையா இருக்கு."

ஷாநவாஸ் சிரித்தான். எட்டு மாதத்தில் அவன் சிரித்துச் சம்பத் கேட்டது அதுதான் முதல் தடவை. பென்சிலில் ஆரம்பி, எடுத்தவுடனே கம்ப்யூட்டரில் வரையாதே, முதலில் குளம்பு, அப்புறம்தான் முட்டி என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு போனான். சம்பத் வரப்பு மண்ணில் குச்சியால் ஒரு குளம்பு போட்டுப் பார்த்தான். இட்லி மாதிரி இருந்தது. கண்காட்சிக்கு அனுப்ப இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. முடியுமா முடியாதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் போனை வைத்ததும் அந்தக் கடிதத்தை அழித்துவிட்டான்.

வெயில் ஏறியதும் கோகிலா ஏரை அவிழ்த்தாள். சம்பத் ஓடிப்போய் நுகத்தடியின் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் மாடுகளை வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். நடந்ததை அவன் சொன்னான். கடிதத்தை அழித்ததைச் சொன்னான். வரையக் கற்றுக்கொள்ளப் போவதையும் சொன்னான். அவள் உம் கொட்டிக்கொண்டே செவலையின் முதுகில் வைக்கோல் வைத்துத் தேய்த்தாள்.

அவனுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. ஷாநவாஸ் நல்ல கைக்காரன். அந்த ஐந்து மாதத்தில் அவனைக் கூப்பிட்ட பெரிய கம்பெனிகள் உண்டு. கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும், பாரம் இறங்கியிருக்கும். ஏன் போகவில்லை? அதை அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், மாட்டைச் சாக்காக வைத்துக் கேட்டான்.

"செவலை இவ்வளவு இழுக்குதே அம்மிணி. அதுக்கு ஒரு பலமான ஜோடி வாங்கிப் போட்டிருந்தா அதுக்கும் சுகம்தானே?"

"போட்டுப் பாத்தனுங்கண்ணா" என்றாள். "போன ஆவணில மயிலைக்குக் கால் வீங்கிப் பத்து நாள் கட்டுத்தறியில நின்னுச்சு. பெரியப்பா ஊட்டு மாட்டக் கொண்டாந்து பூட்டுனேன். நல்ல எளங்காள. கயித்த நட்ட நடுவுல கட்டுனேன், உங்களாட்டவே."

"நல்லா ஓடிச்சா?"

"எங்க ஓடுச்சு? செவல ஒரு எட்டு எடுத்து வெக்கல. கட்டுத்தறிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாத்துட்டு நின்னுச்சு."

"அடிச்சீங்களா?"

"என்னத்துக்குங் அடிக்கறது? அவுத்து உட்டேன்."

மாடுகள் இரண்டும் வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் குடித்தன. கோகிலா கயிற்றை விட்டுவிட்டு முகம் கழுவினாள். சம்பத் காத்திருந்தான்.

"அப்புறம்?"

"அப்பறம் என்னங். நேராப் போயி மயிலைக்குப் பக்கத்துல படுத்துக்கிச்சு."